மூழ்கிய கப்பல்களுக்கு ஒரு பொதுத் தரவுத்தளம்: சுழியோடிகள் சேர்ந்து கட்டுவது எப்படி

மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ், பாசிக்குடாப் பக்கம் பிரிட்டிஷ் சார்ஜன்ட், ஹிக்கடுவைக்கு வடக்கே கொன்ச், கொழும்புக்கு நேரே முதலாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல்கள் என்று இலங்கைக் கடலில் சுழியோடிகள் இறங்கும் சிதைவுகள் பல. அவற்றின் விவரமோ படகோட்டியின் ஜிபிஎஸ்ஸில் கொஞ்சம், டைவ் சென்டரின் கொப்பியில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் மிச்சம் என்று சிதறிக் கிடக்கிறது. இதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும்படி வைப்பதற்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டுகள் இலங்கைக் கடலிலிருந்து வருகின்றன; முறை எந்தக் கடலுக்கும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு விதியை ஒப்புக்கொள்ளுங்கள்: ஒரு அளவு உள்ளே வருமானால், யார், எப்போது, எதைக் கொண்டு அளந்தார் என்பதும் கூடவே வர வேண்டும். "ஆழம் 28 மீட்டர்" என்று மட்டும் எழுதிவைத்தால், நாளை ஒருவர் 24 என்பார், மூன்றாமவர் அதை அழித்து 26 என்று போடுவார். யாருடையது சரி என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. இப்படிப்பட்ட பட்டியல்கள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்.

மூன்று அட்டவணைகள்

ஒரே அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு கப்பல் என்று தொடங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். தொடங்காதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது கப்பல் அட்டவணை. பெயர், பழைய பெயர்கள், கட்டிய ஆண்டு, நீளம், வகை, மூழ்கிய நாள், காரணம் என ஆவணங்களிலிருந்து வருபவை இதில் இருக்கும். இரண்டாவது கிடப்பிடம்: கடலடியில் இரும்போ மரமோ உண்மையில் கிடக்கும் இடம். மூன்றாவது அவதானிப்பு: ஒருவர் ஒரு நாள் இறங்கிப் பார்த்தது, அளந்தது, படமெடுத்தது. ஒவ்வொரு முழுக்கும் இதில் ஒரு புதிய வரி. பழைய வரியை யாரும் திருத்துவதில்லை.

கப்பலையும் கிடப்பிடத்தையும் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் சார்ஜன்ட் இரண்டாக உடைந்த எண்ணெய்க் கப்பல்: கப்பல் ஒன்று, துண்டு இரண்டு. இன்னொரு பக்கம், மீனவர்களுக்குத் தெரிந்த, பெயர் தெரியாத சிதைவுகள் இருக்கின்றன: இடம் உண்டு, கப்பல் இல்லை. ஆவணத்தில் மூழ்கியதாக இருந்தும் யாரும் கண்டிராதவை மூன்றாவது வகை. திருகோணமலைத் துறைமுகத்தில் கிடந்த சகாயிங் கப்பலை 2018இல் கடற்படை மேலே தூக்கிவிட்டது. அந்தக் கிடப்பிடத்தின் நிலையை "அகற்றப்பட்டது" என்று மாற்றினால் போதும், கப்பலின் வரலாறு தன் அட்டவணையில் அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு கிடப்பிடத்துக்கும் ஓர் அடையாள எண் கொடுங்கள். அதில் பெயரையோ ஊரையோ பொதிக்க வேண்டாம். பெயர் தப்பென்று பின்னால் தெரிந்தால் எண்ணும் தப்பாகிவிடும். பூச்சியத்தில் தொடங்கும் எண்ணும் வேண்டாம். எக்செல் 0042ஐத் திறந்து 42 ஆக்கிச் சேமித்துவிடும். அதே எக்செல் 1900க்கு முந்தைய நாட்களைத் தேதியாக ஏற்காது. 1893இல் ஹிக்கடுவையில் உடைந்த ஏர்ல் ஒஃப் ஷாஃப்ட்ஸ்பரியின் தேதி வெறும் எழுத்தாக நிற்கும், வரிசைப்படுத்தும்போது தாறுமாறாகும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆண்டு மட்டும் தெரிந்த கப்பலுக்கு ஜனவரி 1 என்று பொய்த் தேதி போட வேண்டியும் வராது.

ஆள்கூறுகள்: பிழை அதிகம் நுழையும் வாசல்

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதுவார்கள்: பாகையும் தசமமும், பாகையும் தசமக் கலையும், பாகை-கலை-விகலை (ஒரு பாகை 60 கலை, ஒரு கலை 60 விகலை). படகுக் கருவிகள் பெரும்பாலும் இரண்டாவதைக் காட்டும். கணினிக்கு முதலாவது வேண்டும். இடையில் கைமாறும்போதுதான் கெடுகிறது.

7 பாகை 35.50 கலை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தசமப் பாகையில் இது 7.59167. அவசரத்தில் ஒருவர் இதை 7.3550 என்று எழுதினால் இடம் 14 கடல் மைலுக்கு மேல் தெற்கே போய்விடும். அவ்வளவு பெரிய பிழை வரைபடத்தில் கண்ணில் படும். "35.50 கலை"யை 35 கலை 50 விகலை என்று படித்தால் தள்ளிப்போவது சுமார் 617 மீட்டர். இது கண்ணில் படாது. படகு எடுத்துக்கொண்டு போய் அரை நாள் வெறும் மணலைச் சுற்றிய பிறகுதான் தெரியவரும்.

ஆகவே படிவத்தில் "எந்த வடிவம்" என்ற தெரிவு கட்டாயமாக இருக்கட்டும். அனுப்பியவர் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் "வந்தபடி" என்ற கட்டத்தில் வையுங்கள். மாற்றிய எண் வேறொரு கட்டத்தில் இருக்கட்டும். பிழை எங்கே நுழைந்தது என்று பின்னால் தேட அந்தக் கட்டம் ஒன்றே துணை.

தசமப் பாகையில் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய 1 மீட்டர், நான்காவது 11 மீட்டர், மூன்றாவது 111 மீட்டர். கைக்கருவி நல்ல வானத்தின் கீழ் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். எனவே ஐந்து இலக்கம் போதும். எட்டு இலக்கத்தில் வரும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கணினி நீட்டியது.

பழைய கடல் வரைபடத்திலிருந்து எடுத்த இடமானால், எந்த ஆதாரத் தளத்தில், அதாவது ஆள்கூறுகளை எங்கிருந்து எண்ணும் எந்த முறையில், வரைந்தது என்று கேளுங்கள். இலங்கையின் பழைய அளவைகள் கண்டவளைத் தளத்தில் செய்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. மாற்றாமல் அப்படியே போட்டால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும்.

அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறுவது இன்னொரு வழமையான பிழை. மனிதர் அகலாங்கை முதலில் சொல்வார். போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற இடத்தரவு மென்பொருள் நெட்டாங்கை முதலில் கேட்கும். மாறினால் மட்டக்களப்புக் கப்பல் வடதுருவப் பக்கம், ஸ்வால்பார்டுக்கு அப்பால் போய் நிற்கும். அகலாங்கு 5க்கும் 11க்கும் இடையில், நெட்டாங்கு 78க்கும் 83க்கும் இடையில் இல்லாவிட்டால் ஏற்காதே என்று ஒரு எல்லை வைத்தால் தீர்ந்தது.

படகில் அளப்பது

ஜிபிஎஸ் நீருக்கடியில் வேலை செய்யாது. கப்பலின் மேல் எடையிறக்கி, கயிற்றை இழுத்து நேராக்கி, மிதவைக்கு அருகே படகைக் கொண்டுவந்து குறிக்க வேண்டும். கயிறு நீரோட்டத்தில் சாய்ந்திருந்தால் அளவும் சாயும். 50 மீட்டர் ஆழத்தில் 20 பாகைச் சரிவு என்றால் பிழை 18 மீட்டர். கருவியின் பிழையை விடப் பல மடங்கு. நீரோட்டம் ஓய்ந்த வேளையில், அரை நிமிட இடைவெளியில் ஐந்து தடவை குறித்துச் சராசரி எடுங்கள். முடிந்தால் அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) ஒன்று, பின்னணியத்தில் (பின்முனையில்) ஒன்று என இரண்டு இடம் குறியுங்கள். அந்த இரண்டிலிருந்தே கப்பல் கிடக்கும் திசையும் எஞ்சிய நீளமும் வந்துவிடும்.

ஆழம் என்று ஒரு கட்டம் போதாது. சிதைவின் மிக உயர்ந்த புள்ளி, பக்கத்து மணல்தரை என இரண்டு வேண்டும். இறங்கத் திட்டமிடுபவருக்கு இரண்டாவது முக்கியம். மேலே வலை இழுப்பவருக்கு முதலாவது. சுழியோடியின் ஆழத்தைக் காட்டும் டைவ் கணினி நன்னீர் அமைப்பில் இருந்ததா, கடல்நீர் அமைப்பில் இருந்ததா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் சுமார் 3 சதவீத வித்தியாசம். 50 மீட்டரில் ஒன்றரை மீட்டர். இலங்கையில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆகவே நேரத்தைக் குறித்துவைத்தால் போதும், திருத்தம் பார்க்கத் தேவையில்லை.

நிரப்பிய ஓர் அவதானிப்பு இப்படி இருக்கும். எண்கள் மாதிரிக்கு மட்டும்:

கிடப்பிடம்: 1042
நாள், நேரம்: 14 ஜூன், காலை 8.40, இலங்கை நேரம்
இடம் குறித்த முறை: மிதவை, ஐந்து குறிகளின் சராசரி, கைக்கருவி
மேற்புள்ளி ஆழம்: 19.4 மீ, தரை: 26.1 மீ, கணினி: கடல்நீர் அமைப்பு
பார்வைத் தூரம்: 15 மீ, நீரோட்டம்: வடக்கு நோக்கி, மெல்லியது
கிடக்கும் நிலை: தலைகீழ், வலப்பக்கம் கிழிந்தது
ஆபத்து: பின்னணியத்தில் சிக்கிய வலை, 22 மீட்டரில்
புதிதாகக் கண்டது: இரண்டு கொதிகலன்கள், விட்டம் நாடா கொண்டு அளந்தது

ஆபத்துக் கட்டத்தை விருப்பத் தெரிவாக விடாதீர்கள். ஒன்றுமில்லை என்றால் "பார்த்தோம், இல்லை" என்று எழுத வேண்டும். வெற்றுக் கட்டத்துக்குப் "பார்க்கவில்லை" என்பதும் பொருளாகலாம். அந்தக் குழப்பம் உயிருக்கு ஆபத்தானது.

கடலில் சிக்னல் இருக்காது. ஓடிகே கலெக்ட், கோபோ டூல்பொக்ஸ் என்ற படிவ மென்பொருள்கள் இரண்டும் இணையமில்லாமல் நிரப்பிக் கரைக்கு வந்து அனுப்ப உதவும்; படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தரலாம். முழுக்கு முடிந்து படகிலேயே நிரப்பச் சொல்லுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதும் எண்கள் 20, 25, 30 என்று முழு எண்களாகவே வரும்.

இது எந்தக் கப்பல்?

1917 பெப்ரவரியில் ஜெர்மன் கப்பல் வுல்ஃப் கொழும்புக்கு வெளியே விதைத்துப்போன கண்ணிவெடிகளில் வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்கள் சில நாள் இடைவெளியில் மூழ்கின. காலம் ஒன்று, காரணம் ஒன்று, பகுதியும் ஒன்று. கடலடியில் ஒரு பெரிய நீராவிக் கப்பலைக் கண்டு, "இது பெர்சியஸ்தான்" என்று ஒருவர் சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

நம்பிக்கை நிலை நான்கு போதும். முதல் நிலை: மணி, கட்டியவர் தகடு, பொறியின் எண் போன்ற நேரடிச் சான்றைப் படமெடுத்திருக்கிறார்கள். இரண்டாவது: நீளம், கொதிகலன் எண்ணிக்கை, உந்துசுழலிகள், பொறியின் உருளைகள் ஆகியவை ஆவணத்தோடு பொருந்துகின்றன. மூன்றாவது: இறங்கிப் பார்த்தார்கள், பெயர் ஊகம். நான்காவது: வலை சிக்கிய குறி, எதிரொலிமானியில் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவியில்) தெரிந்த தடம் அல்லது வெறும் ஆவணம். நிலையை உயர்த்துபவர் எந்த அவதானிப்பை வைத்து உயர்த்தினார் என்று சுட்ட வேண்டும். ஒப்பிடுவதற்கான கட்டுமான விவரங்களுக்கு லொய்ட்ஸ் ரெஜிஸ்டர் அறக்கட்டளை இணையத்தில் இலவசமாக வைத்துள்ள கப்பல் வரைபடங்களும் ஆய்வறிக்கைகளும் நல்ல இடம்.

தமிழில் தேட முடிய வேண்டும்

ஒரே கப்பலை ஹெர்மிஸ், ஹேர்மஸ், ஹெர்மெஸ் என்று எழுதுவார்கள். மாற்றுப் பெயர்களுக்குத் தனி அட்டவணை வைத்து, மீனவர் வழங்கும் பெயரையும் அதில் சேருங்கள். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது: "கொ" என்பதில் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் உள்ளிடலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. "கொன்ச்" என்று தேடினால் பாதிப் பதிவுகள் வராது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டையும் ஒரே எழுத்தாக்கும் யுனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எதைக் காட்டுவது, எதை மறைப்பது

இதில் தயக்கம் வேண்டாம்: எல்லா இடத்தையும் எல்லோருக்கும் காட்டக் கூடாது. 1942இல் ஜாவாக் கடலில் மூழ்கிய டி ராய்ட்டர், ஜாவா என்ற டச்சுப் போர்க்கப்பல்களை 2016இல் சுழியோடிகள் தேடிப் போனபோது கடலடியில் அவற்றின் தடம் மட்டுமே இருந்தது, இரும்புக்காகத் திருடிவிட்டார்கள். அதே ஆண்டில் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸோடு 307 பேர் இறந்தார்கள். அது ஒரு போர்க் கல்லறை.

தென்கரையில் கொடவாயவில் கிடக்கும் சிதைவு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழையது. அந்த வகையில் புதிதாக ஏதும் கண்டால் வரைபடத்தில் ஏற்றுமுன் காலியில் உள்ள கடல்சார் தொல்லியல் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

மறைக்கும் இடங்களுக்கு 0.1 பாகைச் சதுரத்தை, அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர்ப் பெட்டியைக் காட்டினால் போதும். ஒவ்வொரு தடவையும் இடத்தைத் தற்செயலாக நகர்த்திக் காட்டும் வழி வேண்டாம். பல தடவை கேட்டுச் சராசரி எடுத்தால் உண்மை இடம் வந்துவிடும். வரைபடத்தில் மறைத்துவிட்டு, பின்னால் உலாவிக்கு முழு ஆள்கூற்றையும் அனுப்புவது பலர் செய்யும் பிழை. வழங்கியிலேயே (சர்வரிலேயே) வெட்டுங்கள். படத்துக்குள் பொதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரம், ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் கருவிகளுக்கான கோப்பு) தரவிறக்கம், திருத்த வரலாறு ஆகிய மூன்று வழிகளையும் மறக்காமல் அடையுங்கள்.

மீனவர் தந்த குறி அவருடைய பிழைப்பு. வெளியிடலாமா என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை ஒரு கட்டத்தில் பதியுங்கள். கேட்காமல் ஏற்றினால் அடுத்த குறி யாரிடமிருந்தும் வராது.

மென்பொருளும் காவலும்

தரவைச் சேமிக்கப் போஸ்ட்கிரெஸ், அதன்மேல் இடங்களைக் கையாளப் போஸ்ட்ஜிஐஎஸ், வரைபடத்தில் காட்டுவதற்கு லீஃப்லெட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும், மேசையில் சரிபார்க்க கியூஜிஐஎஸ். எல்லாம் இலவசம். சில நூறு கிடப்பிடங்களுக்கு 2 ஜிபி நினைவகம் உள்ள சிறிய வழங்கி தாராளம். இடத்தைத் தின்பது படங்கள். நீண்ட பக்கம் 2000 புள்ளிகளாகக் குறைத்தால் ஒன்று அரை எம்பிக்குள் அடங்கும்.

புதிய கிடப்பிடம் வரும்போது 500 மீட்டருக்குள் வேறொன்று இருக்கிறதா என்று கணினி தேடி எச்சரிக்கட்டும், ஆனால் தானாக இணைக்க விடாதீர்கள். அது உடைந்த கப்பலின் மறுபாதியாக இருக்கலாம். இணைப்பதையும் நிலை உயர்த்துவதையும் இரண்டு பேர் ஒப்ப வேண்டும். அவர்களில் ஒருவராவது அந்த இடத்தில் இறங்கியவராக இருக்கட்டும்.

இத்தகைய தளங்கள் சாவது பெரும்பாலும் ஒருவரின் கையில் மட்டும் கடவுச்சொல்லும் கட்டணமும் இருப்பதால். டொமைனும் வழங்கியும் குறைந்தது மூன்று பேர் அறிந்திருக்க வேண்டும். உரிமத்தை முதல் நாளே, முதல் பதிவு வருமுன் எழுதிவிடுங்கள். தரவுக்கு ஓடிபிஎல் (திறந்த தரவுத்தள உரிமம்), படங்களுக்கு கிரியேட்டிவ் கொமன்ஸ். பின்னால் நூறு பேரைத் தேடிச் சம்மதம் வாங்க முடியாது. வெளியிடக்கூடிய பகுதியை மாதம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாக்கி ஸெனோடோ என்ற ஆய்வுத்தரவுக் காப்பகத்தில் ஏற்றுங்கள். முழுத் தரவையும் பூட்டிய பிரதியாக வாரம் ஒருமுறை வேறிடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியை வெற்றுக் கணினி ஒன்றில் ஏற்றி, ஏதாவது ஐந்து கிடப்பிடங்களைத் திறந்து, தமிழ்ப் பெயரும் ஆள்கூறும் படமும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள்.