செஷன் குப்பை: கோட்டை விடுகிற இடங்கள்

பாளையங்கோட்டையில் எங்களிடம் வேலை பழக வருகிற பிள்ளைகள், நாங்கள் எப்போதோ செய்த அதே தப்புகளை அச்சு மாறாமல் செய்கிறார்கள். பாஸ்வேர்டைக் கோடிலேயே எழுதி வைப்பது போன்ற ஊரறிந்தவற்றை விட்டுவிடுகிறேன். உபுண்டுவில் பிஎச்பி ஓட்டுகிறவர்களுக்கு இது. லாகின் ஆனவர் யார் என்பதை நினைவில் வைக்க பிஎச்பி ஆளுக்கொரு செஷன் ஃபைலைச் சர்வரில் எழுதும்; அதன் அடையாள எண்ணைக் குக்கீயாகப் பிரவுசருக்குக் கொடுக்கும். கெடு முடிந்த அந்த ஃபைல்கள்தான் குப்பை.

செஷன் ஃபோல்டரை இடம் மாற்றுவது

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். உபுண்டுவில் பிஎச்பி தானாகக் குப்பை அள்ளாது. குப்பை அள்ளும் வாய்ப்பைச் சொல்கிற ஜிசி ப்ராபபிலிட்டி (gc_probability) 0 என்றே வரும். அதற்குப் பதிலாக மணிக்கு இரண்டு தடவை, 9ஆம் நிமிடமும் 39ஆம் நிமிடமும், ஒரு டைமர் ஓடிப் பழைய ஃபைல்களை அழிக்கும். எந்த ஃபோல்டரில்? பிஎச்பி ஐஎன்ஐ (php.ini) என்கிற செட்டிங்ஸ் ஃபைலில் உள்ள ஃபோல்டரில். கோடுக்குள் ஐஎன்ஐ செட் (ini_set) போட்டு வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் டைமருக்குத் தெரியவே தெரியாது.

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடையின் ஆர்டர் சைட்டில் ஒரு பையன் இதைத்தான் செய்திருந்தான். பல மாதம் ஒரு குறையும் இல்லை. தீபாவளி நெருக்கத்தில் அண்ணாச்சி போன்: "ஏ தம்பி, ஒருத்தருக்கும் லாகின் ஆவ மாட்டேங்கு!" லாகில் பார்த்தால் டிஸ்க்கில் இடமில்லையாம். மிச்ச இடத்தைக் காட்டும் 'டிஎஃப் -எச்' (df -h) அடித்தால் பாதி டிஸ்க் காலி. பையன் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். 'டிஎஃப் -ஐ' (df -i) அடித்த பிறகுதான் தெரிந்தது: ஐநோடு, அதாவது ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு, 100% தீர்ந்திருந்தது. 20 ஜிபி டிஸ்க்குக்கு ஈஎக்ஸ்டி4 (ext4) ஃபைல் சிஸ்டம் வழக்கமாகத் தருவது சுமார் 13 லட்சம் ஐநோடு. காலி செஷன் ஃபைலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். குக்கீயைத் திருப்பி அனுப்பாத பாட் (தானாகப் பக்கங்களைத் திறக்கும் புரோகிராம்) வந்தால் பக்கத்துக்குப் பக்கம் புது ஃபைல்.

அழிக்கப் போனால் 'ஆர்எம் ஸ்டார்' (rm *) ஆர்க்யுமென்ட் லிஸ்ட் நீளம் என்று கைவிரிக்கும். 'ஃபைண்ட்'டில் (find) டெலீட் (-delete) சேர்த்துத்தான் அழிக்க வேண்டும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் புது ஃபோல்டருக்கு அந்த ஃபைண்டையே, பழைய ஃபைல்களை மட்டும் அழிக்கும்படி, க்ரானில் (நேரம் வைத்து வேலை ஓட்டும் வசதி) போடுங்கள். இல்லை, ஜிசி ப்ராபபிலிட்டியை 1 ஆக்குங்கள். பழைய ஃபோல்டரிலேயே இருந்துகொண்டு 1 ஆக்கினால் பெர்மிஷன் டினைடுதான் வரும்.

கோடில் மட்டும் 8 மணி நேரம்

செஷனின் கெடுவைச் சொல்வது மேக்ஸ்லைஃப்டைம் (gc_maxlifetime). கோடில் அதை 8 மணி நேரமாக்கிவிட்டு ஐஎன்ஐ-யில் 1440 வினாடி என்றே கிடந்தால் டைமர் அதைத்தான் பார்க்கும். பில் போடுகிற அக்கா சாப்பிட்டுவிட்டு வந்தால் லாகின் பக்கம் நிற்கும்.

மேக்ஸ்லைஃப்டைமை நம்பி இருப்பது

கெடு தாண்டிய செஷனும் குப்பை அள்ளும்வரை செல்லும். கறாராக வெளியேற்ற, கடைசியாக வந்த நேரத்தைச் செஷனுக்குள் எழுதி நீங்களே சரிபாருங்கள்.

லாக்அவுட்

செஷன் டெஸ்ட்ராய் (session_destroy) பிரவுசரில் உள்ள குக்கீயை அழிக்காது.

குக்கீ லைஃப்டைம் 0

பிரவுசரை மூடும்வரை என்று கணக்கு. போனில் யார் பிரவுசரை மூடுகிறார்கள்?