சுவரில் ஓட்டை போடும்போது மின்சாரத்தோடு செய்யக் கூடாத தவறுகள்

கண்ணாடி போடுங்கள், ரப்பர் செருப்பு போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ட்ரில் வந்த பெட்டியிலேயே படம் போட்டு இருக்கும். புதிதாக ட்ரில் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது, ஆரம்பத்தில் நான் செய்த அதே கோளாறுகளை அவர்களும் வரிசை தவறாமல் செய்கிறார்கள். அவற்றில் ஆளைச் சாய்க்கக்கூடியவை மட்டும் இங்கே.

சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது

சுவிட்சை அணைத்தால் அதிலிருந்து விளக்குக்குப் போகும் வயரில்தான் மின்சாரம் நிற்கும். போர்டுக்கு வந்து சேரும் வயரில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். அறைக்குரிய எம்.சி.பி.யை (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சை) மட்டும் இறக்கினாலும் நம்ப முடியாது. அதே சுவர் வழியாகப் பக்கத்து அறையின் வயர் போகலாம். மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மெயினை இறக்கியதும் கரன்ட் போய்விட்டது என்று நினைத்து, அது உடனே தன் வேலையைத் தொடங்கிவிடும். பிறகு பக்கத்து பாயிண்ட்டில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் நல்ல டெஸ்டர்தானா என்பதை மெயின் இருக்கும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

மெயினை இறக்கிய பிறகு வயரைத் தேடுவது

சுவருக்குள் வயர் இருந்தால் சத்தம் போடும் சாதாரணக் கருவிகள் பல, உயிரோடு இருக்கும், அதாவது மின்சாரம் உள்ள வயரைத்தான் கண்டுபிடிக்கும். மெயினை இறக்கிவிட்டு அதைச் சுவரில் தடவினால் சத்தமே வராது. ஆகவே முதலில் தேடி, பென்சிலால் குறித்துக்கொண்டு, அப்புறம் இறக்குங்கள். இரும்புப் பைப்புக்குள் ஓடும் வயரை இந்தக் கருவி கண்டுகொள்ளாது. சத்தம் வரவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போர்டுக்கு நேர் மேலே ஓட்டை

சுவிட்ச் போர்டு, பிளக் பாயிண்ட் எதற்குமே நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் கை வைக்காதீர்கள். கூரையை ஒட்டிய 150 மி.மீ., இரண்டு சுவர்கள் சேரும் மூலையை ஒட்டிய 150 மி.மீ. ஆகியவற்றையும் வயர் ஓடக்கூடிய பட்டைகளாகவே பிரிட்டனின் வயரிங் விதிகள் கணக்கில் எடுக்கின்றன. எங்கே இருந்தாலும் பின்பற்றலாம். பழைய கட்டடங்களில் பைப்பைச் சாய்வாகப் பதித்த புண்ணியவான்களும் உண்டு என்பதால் இதை முழு உத்தரவாதமாக நினைக்க வேண்டாம்.

சுவரின் மறுபக்கம்

போய்ப் பாருங்கள், அங்கேயும் போர்டு இருக்கலாம்.

அடிபட்ட வயரோடு அப்படியே மூடிவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மற்ற தவறுகள் அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும். இது சுவருக்குள் உட்கார்ந்து காத்திருக்கும்.

ஒரு வீட்டில் இரும்பு அலமாரித் தட்டு மாட்டியிருந்தார்கள். ஓட்டை போடும்போது பொறி பறந்து எம்.சி.பி. விழுந்திருக்கிறது. மாட்டியவர் பிட்டை (ட்ரில்லின் துளைக்கும் கம்பியை) வெளியே இழுத்துவிட்டு எம்.சி.பி.யைத் தூக்கிப் பார்த்தார், விழாமல் நின்றது. விளக்கும் எரிந்தது. சரி, ஒன்றுமில்லை என்று அதே ஓட்டையில் ஸ்குரூவுக்கான பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி ஸ்குரூவை முடுக்கி, சுற்றிலும் பட்டி பூசிவிட்டுப் போய்விட்டார். ஈரக் கையோடு தட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று பின்னாளில் வீட்டார் சொன்னார்கள். அவர்கள் சந்தேகப்பட்டது மிக்ஸியை. நான் டெஸ்டரை ஸ்குரூவில் வைத்ததும் பளிச்சென்று எரிந்தது.

எம்.சி.பி. ஏன் விழாமல் நின்றது? பிட் உள்ளே இருந்தபோது பேஸையும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலையும் (அது திரும்பும் வயர்) சேர்த்துப் பிடித்திருந்தது. வெளியே வந்ததும் ஷார்ட் விலகிவிட்டது. அவ்வளவுதான். வயர் சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அப்புறம் போன ஸ்குரூ பேஸை மட்டும் தொட்டது. காய்ந்த சுவர் வழியாக மின்சாரம் தரைக்குப் போகாததால் எதுவும் விழவில்லை. யாராவது தொட்டால்தான் பாதை கிடைக்கும். 10, 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு உடலில் பாயும் சில மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கும். அங்கே அது இல்லை.

பழுது பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புது வயர் இழுக்கலாம் என்றால் பைப்பை ஸ்குரூ துளைத்து நசுக்கியிருந்தது. கடைசியில் சுவரைக் கொத்தினோம். அடிபட்ட இடத்தில் டேப் சுற்றி மூடுவது, பைப்புக்குள்ளேயே முறுக்கி ஜாயின்ட் போடுவது எல்லாம் வேலைக்கு ஆகாது. ஒரு வயரிங் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிவரை முழு வயரையும் மாற்ற வேண்டும்.

மெயினை இறக்கிவிட்டு ஓட்டை போடும்போது இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. வயரில் பட்டாலும் பொறி வராது, எதுவும் விழாது. அதனால் விழும் தூளைப் பாருங்கள். நிறமான பிளாஸ்டிக் துணுக்கோ செம்பு மினுக்கமோ தெரிந்தால் நிறுத்துங்கள். பிட் திடீரென்று வெற்றிடத்தில் இறங்கியதுபோல உள்ளே போனாலும் நிறுத்துங்கள். பிளக்கைத் தட்டுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சந்தேகம் இருந்தால் மெயினைத் தூக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, 500 வோல்ட் மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை நம்ப முடியாது. உரசல் மட்டும்தான் என்றால் மெக்கரும் ஏமாறலாம். எனவே அந்த ஓட்டையில் எப்படியும் ஸ்குரூ போடாதீர்கள்.

ஆழம் குறிக்காமல் அழுத்துவது

எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டில் டேப் ஒட்டுங்கள்.

ட்ரில்லின் இரும்புக் கழுத்தைப் பிடிப்பது

இரட்டை இன்சுலேஷன் என்று எழுதியிருப்பது ட்ரில்லுக்குள் வரும் கோளாறுக்குத்தான். பிட் வெளியே பேஸில் பட்டால் அதன் முன்பக்க இரும்பும் உயிரோடு இருக்கலாம். பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடியுங்கள். மெயின் இல்லாமல் ட்ரில் எப்படி ஓடும் என்று கேட்பவர்கள் பேட்டரி ட்ரில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது இரவல் கேட்கலாம்.