கட்டாக வரும் மெயிலைத் தனித்தனியாகப் பிரிக்க

காசிமேட்டில் மீனைக் கூடையாக வாங்கினால் சங்கரா, நெத்திலி, கவலை எல்லாம் கலந்து கிடக்கும். மின்னஞ்சல் குழுக்கள் தொகுத்து அனுப்பும் டைஜஸ்ட் மெயிலும் அப்படித்தான். இருபது பேர் எழுதியது ஒரே கட்டாக வந்து விழும். அதில் ஒருவருக்குப் பதில் போட்டால், தலைப்பில் வெறும் டைஜஸ்ட் எண்தான் போகும். யாருக்கு எழுதினோம் என்று எவருக்கும் புரியாது. ராயபுரத்து வீட்டில் உட்கார்ந்து நானும் வெகுநாள் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

லினக்ஸ் இருந்தால், மெயிலை வகைபிரிக்கும் புரோக்மெயில் (procmail) மென்பொருளோடு வரும் பார்மெயில் (formail) கட்டளை போதும். டைஜஸ்டைக் கோப்பாகச் சேமித்து பார்மெயிலுக்கு உள்ளீடாகக் கொடுங்கள். கட்டளைப் பெயருக்குப் பின் முதலில் +1, அப்புறம் இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன எழுத்தில் டி, எஸ் (-ds). அந்த +1தான் முக்கியம்: மேலே இருக்கும் பொருளடக்கத்தைத் தள்ளிவிடும். வெளியீட்டை >> போட்டு வேறு கோப்பில் சேருங்கள். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளின் லோக்கல் ஃபோல்டர்ஸில் அந்தக் கோப்பை வைத்துத் திரும்பத் திறந்தால் கடிதங்கள் தனித்தனியாக நிற்கும்.

ஒரு தொல்லை உண்டு. யாராவது பழைய மெயிலின் அனுப்புநர், தேதி வரிகளை அப்படியே ஒட்டியிருந்தால் அங்கேயும் வெட்டிவிடும். அதனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

இவ்வளவு பாடு வேண்டாமா? குழு மெயில்மேன் என்ற மென்பொருளில் நடந்தால், அதில் உங்கள் அமைப்புக்குப் போய் டைஜஸ்டை 'பிளெயின்' என்பதிலிருந்து 'மைம்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு கடிதமும் தன் தலைப்போடு தனி இணைப்பாக வரும்.