உலோக விமானம் கட்ட எந்த ரிவெட் கருவிகள்? என் பட்டறையிலிருந்து ஒரு வரிசை

வீட்டில் உலோக விமானம் கட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளைக் காற்றழுத்தத்தால் அடிக்கும் ரிவெட் கன்னைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். இருவர் அமரும் தாழ்விறக்கை விமானம் ஒன்றை வால் முதல் மூக்கு வரை ரிவெட் அடித்து முடித்த பிறகு யாராவது கேட்டால், கன்னை மூன்றாவதாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். அதில் இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட்தான் என்றால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்கு வேண்டாம். ஜெனித், சோனெக்ஸ் வகை விமானங்கள், வான்ஸின் ஆர்வி-12 எல்லாம் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அவற்றுக்குக் காற்றில் இயங்கும் நல்ல புல்லர் ஒன்றும், இடுக்குகளுக்குக் கையால் இழுக்கும் புல்லர் ஒன்றும் போதும். ஆயிரக்கணக்கில் கையாலேயே இழுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மணிக்கட்டு தாங்காது. ஜெனித் கட்டுகிறவர்கள் தலையைக் கவிந்த வடிவில் உருவாக்கும் குழிவான மூக்குத்துண்டுகளை வாங்க மறக்கக் கூடாது. சாதாரண மூக்கில் அந்த வடிவம் வராது.

அடித்தோ அழுத்தியோ தலை உருவாக்கும் திட ரிவெட் என்றால் மேலே படியுங்கள்.

ரிவெட்டின் பெயரிலேயே கருவியின் அளவு இருக்கிறது. ஏஎன்470ஏடி4-5 என்று வரைபடம் சொன்னால், 470 என்பது உருண்டைத் தலை. 426 என்று இருந்தால் தகட்டோடு சமமாக உட்காரும் தட்டைத் தலை. ஏடி என்பது 2117 அலுமினியக் கலவை, தலையின் நடுவில் சின்னப் புள்ளிக்குழி இருக்கும். 4 என்பது 32-இல் 4 பங்கு அங்குலம், அதாவது 1/8 அங்குல விட்டம். 5 என்பது 16-இல் 5 பங்கு நீளம். சிறிய விமானத்தில் பெரும்பாலும் வருபவை 3-உம் 4-உம்தான். 3/32-க்கு 40-ஆம் எண் டிரில், 1/8-க்கு 30-ஆம் எண் டிரில். தகடுகளைத் துளையில் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கிளெக்கோவும் இதே இரண்டு அளவுதான்: வெள்ளி நிறம் 3/32-க்கு, செம்பு நிறம் 1/8-க்கு. கிளெக்கோ எத்தனை வாங்கினாலும் ஒரு நாள் போதாமல் போகும். வெள்ளி நிறத்தைச் சில நூறு வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

சரி, முதல் பெரிய செலவு ஸ்க்வீசர். ரிவெட்டை அடிக்காமல் இரு பக்கமிருந்தும் அழுத்தி உருவாக்கும் கருவி. ஓரங்களில், ரிப்புகளின் (இறக்கையின் குறுக்கு விலாக்கள்) விளிம்பில், ஸ்பாரில் (இறக்கையின் நெடுகே ஓடும் உத்தரம்), ஸ்க்வீசரின் தாடையான யோக் எட்டுகிற எல்லா இடத்திலும் அதைத்தான் கையில் எடுக்க வேண்டும். காரணம் எளிது: கன்னால் அடிக்கும்போது ஒவ்வொரு ரிவெட்டும் அந்த நேரத்துக் கையைப் பொறுத்தது. ஸ்க்வீசரை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் நூறாவது ரிவெட்டும் முதல் ரிவெட்டைப் போலவே வரும். கை தளர்ந்த மாலை நேரத்தில் நான் ஸ்க்வீசர் வேலையை மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

காற்றில் இயங்கும் ஸ்க்வீசரில் இரண்டு வகைத் தாடை உண்டு. முதலை வாய் போலத் திறப்பது ஒன்று, சி வடிவ யோக் மற்றொன்று. முதலை வாய் வளைவில் மூடுவதால், ரிவெட்டை அழுத்தும் முனைகளான செட்டுகள் இரண்டும் நேருக்கு நேர் வருவது மூடும் புள்ளியில்தான். சி யோக்கில் செட் நேர்கோட்டில் நகரும், யோக்கை மாற்றவும் முடியும். சி யோக்கையே வாங்குங்கள். இந்த வகை ஸ்க்வீசர் 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காற்றில் ஏறத்தாழ 3000 பவுண்டு விசை தரும். ஆனால் அந்த முழு விசையும் வருவது ஓட்டத்தின் கடைசிப் பகுதியில்தான். கடைசியில் எவ்வளவு இடைவெளி விடுகிறது என்பதைத் திருகி மாற்றும் செட் ஹோல்டரைக் கூடவே வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் தகட்டின் தடிமன் மாறும்போதெல்லாம் வாஷர் வைத்துச் சரிசெய்துகொண்டிருக்க நேரும். யோக்கில் 3 அங்குலம் ஒன்றும், குறுகிய விளிம்புகளுக்கு மூக்கு மெலிந்த யோக் ஒன்றும் வேண்டும். இப்போதைக்குக் கையால் அழுத்தும் ஸ்க்வீசர்தான் முடியும் என்றால் தவறில்லை. ஆனால் அதன் யோக் பின்னாளில் காற்று ஸ்க்வீசருக்கும் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். யோக்குகளே தனியாக நல்ல விலை பிடிக்கும்.

அடுத்து டிம்பிள் டை, தகட்டைக் குழிவாக்கும் அச்சு. மெல்லிய தகட்டில் தட்டைத் தலை ரிவெட் உட்கார 100 டிகிரி குழி வேண்டும். 0.032 அங்குலமும் அதற்குக் குறைவுமான தகட்டை வெட்டாமல் அழுத்திக் குழிவாக்க வேண்டும். விமானத்தைப் பார்க்கிறவர் கண் முதலில் போவது இங்கேதான். மலிவான டை குழியைச் சுற்றி ஒரு வளையத் தடம் விடும், பெயிண்ட் அடித்தாலும் அது மறையாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அலுமினியம் சற்றே திரும்பி எழும் தன்மையைக் கணக்கில் கொண்டு முகத்தில் லேசான வளைவு கொடுத்த ஸ்பிரிங்பேக் டைகள் கிடைக்கும், அவற்றை எடுங்கள். பெரிய தகடுகளுக்குச் சுத்தியலால் தட்டும் சி ஃபிரேம் வேலை செய்யும். நெம்புகோல் வகை சத்தமில்லாதது, அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் விழும். இரவில் வேலை செய்பவருக்கு அதுவே வரம். தடித்த தகட்டில் கவுண்டர்சிங்க்தான், அதாவது குழியை வெட்டி எடுப்பது. அதற்கு ஆழத்தை நிறுத்தும் மைக்ரோஸ்டாப் கூடு வேண்டும். கையில் பிடித்த வெறும் டிரில்லால் செய்யவே வேண்டாம்.

இப்போது கன்னுக்கு வருகிறேன்.

2எக்ஸ், 3எக்ஸ், 4எக்ஸ் என்று அளவுகள் உண்டு. எண் ஏறினால் அடி பலமாகும். 3/32-உம் 1/8-உம் அடிக்க 3எக்ஸ் தாராளம். மெல்லிய தகட்டில் 3/32 மட்டும் அடிப்பதானால் 2எக்ஸ் இன்னும் சாந்தமானது. 4எக்ஸ் 3/16 அடிக்கிறவருக்கு. பெரியது வாங்கிக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். கனமும் கூடும், கட்டுப்பாடும் குறையும்.

அளவைவிட முக்கியம் ட்ரிகர். என் முதல் கன்னின் ட்ரிகர் மின் சுவிட்ச் போல இருந்தது: அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிற்கும், நடுவில் ஒன்றுமில்லை. விற்றவர் விமான வேலைக்கே உகந்தது என்றார். வாலில் உள்ள எலிவேட்டரின் மேல் தகட்டில் மூன்றாவது ரிவெட்டில் செட் சறுக்கி, பிறை வடிவில் ஒரு வெட்டு விழுந்தது. அந்தத் தகட்டை முழுவதும் கழற்றிப் புதிதாகப் போட்டேன். அந்தப் பழைய தகடு இன்னும் சுவரில் தொங்குகிறது, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. ஆகவே வாங்கும் முன் காற்றைக் கொடுத்து, மரக்கட்டையில் அழுத்தி வைத்து, ட்ரிகரை மெல்ல இழுத்துப் பாருங்கள். டக்… டக்… டக் என்று எண்ணக்கூடிய அளவில் தொடங்கி, விரல் போகப் போக வேகம் ஏற வேண்டும். எண்ண முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கார் பட்டறைக் காற்று உளியின் பிடிக்கும் ரிவெட் செட் பொருந்தும். அதை நம்பி அதைக் கன்னாகப் பயன்படுத்தக் கூடாது. அது படபடவென்று அடிப்பதற்குச் செய்தது.

கன்னின் வாலில் சின்ன ரெகுலேட்டர் ஒன்று போடுங்கள். 1/8-க்கு நான் 40 பிஎஸ்ஐ அருகில் தொடங்குவேன், 3/32-க்கு 25 முதல் 30. கன்னுக்குக் கன் இது மாறும். காற்று அதிகமானால் தகடு உள்ளே போகும். குறைந்தாலும் கெடுதல் உண்டு: லேசான அடி நிறைய விழ விழ உலோகம் இறுகி, பிறகு தலை உருவாகாது. கன்னுக்கு அருகிலுள்ள சில அடி நீளத்துக்குக் கனமான ஹோஸ் வேண்டாம், மெல்லியதும் சுழலும் இணைப்பும் போதும். தட்டைத் தலைக்கு ரப்பர் விளிம்புள்ள, சற்றே சாயும் காளான் செட் வாங்குங்கள். எல்லா செட்டையும் ஸ்பிரிங்கால் பூட்டுங்கள். செட் எதிலும் அழுந்தாமல் இருக்கும்போது ட்ரிகரைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் உடைந்தால் செட் தோட்டா போலப் பறக்கும். கண்ணாடியும் காது அடைப்பும் இல்லாமல் கன்னை எடுக்காதீர்கள்.

கன் அடிக்கும்போது ரிவெட்டின் மறுபக்கம் முட்டுக் கொடுத்துப் பிடிக்கும் கனமான கட்டையான பக்கிங் பாரில் ஒரே ஒரு அறிவுரை: டங்ஸ்டன். எஃகைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி என்பதால், உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டிலேயே தேவையான கனம் வந்துவிடும், ரிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் நுழையும். என் விமானத்தில் பாரைப் பிடித்தது பெரும்பாலும் என் மனைவிதான். எஃகுப் பாரோடு இருந்த மாதங்களில் மாலையானால் மணிக்கட்டில் வலி. டங்ஸ்டனுக்கு மாறிய பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. முகம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும், பக்கங்களுக்கு டேப் ஒட்டிவிடுங்கள், ரிப்பில் இடித்தாலும் கீறாது. கோணலான இடங்களுக்கு எஃகில் ஒன்றிரண்டு இருக்கட்டும். அப்புறம், இருவரும் பேசிக்கொள்ளும் ஒரு சொல் வேண்டும். பார் ரிவெட்டில் சதுரமாக உட்கார்ந்ததும் அவர் "இருக்கு" என்பார். அது காதில் விழாமல் நான் ட்ரிகரை இழுத்ததில்லை.

தனியாக வேலை செய்பவருக்கு பேக் ரிவெட்டிங் பெரிய துணை. பளபளப்பான எஃகுத் தட்டை மேசையில் பதித்து, தட்டைத் தலையை அதன்மேல் கவிழ்த்து வைத்து, உறையுள்ள செட்டால் வால் பக்கத்தை அடிக்க வேண்டும். எலிவேட்டர் போன்ற கண்ட்ரோல் பரப்புகளின் உட்பக்க விறைப்புப் பட்டைகளுக்கு இதைவிடச் சீரான முறை எனக்குத் தெரியாது. தட்டும் செட்டும் சேர்ந்தும் மற்றவற்றை ஒப்பிட்டால் சிறு செலவுதான்.

மீதி எல்லாம் சின்னச் சாமான்: பிசிறு எடுக்கும் கருவி, ரிவெட்டை நீளத்துக்கு வெட்டும் கட்டர், அளவுமானி. அடிக்கும் முன் தகட்டுக்கு வெளியே நீளும் ரிவெட்டின் தண்டு அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். அடித்த பிறகு உருவான தலையின் அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 1/8 ரிவெட்டுக்கு அது 3/16 அகலம், 1/16 உயரம்.

பிழையான ரிவெட்டை எடுக்கவும் கருவி உண்டு, அதையும் முதல் நாளே வாங்குங்கள். தலையின் நடுவிலுள்ள அந்தப் புள்ளிக்குழி டிரில்லுக்கு மையம் காட்டும். தலையின் ஆழம் வரை மட்டும் துளைத்து, பின்-பஞ்ச் என்ற மெல்லிய எஃகுக் கம்பியால் தலையை ஒடித்து, அடியில் முட்டுக் கொடுத்துத் தண்டைத் தட்டி வெளியே தள்ளுங்கள். விமானத்தின் மேல் முதன்முறை இதைச் செய்ய வேண்டி வரக் கூடாது. கழிவுத் தகட்டில் ஐம்பது அடித்து, அதில் இருபதை எடுத்துவிட்டு, துளைகள் வட்டமாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் தகட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு காலையும் முதல் இரண்டு ரிவெட்டை அதில் அடித்துக் காற்றழுத்தத்தைச் சரிபார்த்த பிறகே விமானத்தின் பக்கம் போங்கள்.