பந்தின் இடமும் வகையும்: பேஸ்பால் பேட்டருக்கான வழிமுறை

பந்தை எறியும் பிட்ச்சர் நிற்கும் மேட்டிலிருந்து, மட்டை பிடிக்கும் பேட்டரின் அருகே தரையில் பதித்த ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 விநாடியில் கடந்துவிடுவதால், பந்தின் போக்கை முழுவதும் பார்த்துவிட்டு மட்டையை வீச நேரம் இருக்காது. ஆகவே ஃபாஸ்ட்பாலுக்கே (வேகப்பந்துக்கே) ஆயத்தமாக நின்று, மெதுவான பந்து வந்தால் கைகளைப் பின்னால் நிறுத்திக்கொள்ளப் பழக வேண்டும். மெதுவான பந்தை எதிர்பார்த்து நிற்பவரால் ஃபாஸ்ட்பாலுக்கு ஈடுகொடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பந்தை எங்கே சந்திப்பது என்பதுதான். உடலை ஒட்டி உள்ளே வரும் பந்தை முன்காலுக்கும் முன்னால் சந்திக்க வேண்டும். அதற்கு இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், பின்கை முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. வெளிவிளிம்பில் வரும் பந்தையோ பிளேட்டின் மேல் வரும்வரை காத்திருந்து, எதிர்த்திசைக்கு (வலதுகை ஆட்டக்காரருக்கு வலப்பக்கம், இடதுகை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம்) அனுப்ப வேண்டும். அதை வம்பாகத் தன் பக்கம் இழுத்தால் மட்டையில் மேலே பிடித்த கை புரண்டு, பந்து வலுவில்லாமல் தரையில் உருண்டு நேராகத் தடுப்பாளரிடம் போய்விடும். சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் இடதுகை ஆட்டக்காரர் டோனி க்வின், வெளியே வரும் பந்துகளை ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) மூன்றாம் பேஸ்காரருக்கும் இடைப்பட்ட சந்தில் தட்டிவிடுவதில் தேர்ந்தவர். 1994இல் அவருடைய பேட்டிங் சராசரி .394, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 394 ஹிட் என்ற கணக்கு. இந்தப் பொறுமையை நான் வலிமையைவிட உயர்வாக மதிக்கிறேன்.

சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் போலவே எறியப்படும் மெதுவான பந்து) ஏமாற்றுவது, பிட்ச்சரின் கை ஃபாஸ்ட்பாலுக்குச் சுழலும் அதே வேகத்தில் சுழல்வதால். முன்பாதம் தரையில் பதிந்த கணத்திலும் கைகள் பின்தோளருகே நின்றால், ஏமாந்த பிறகும் அடிக்க வழியுண்டு. கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து) கையை விட்டு வெளிவரும்போதே சற்று மேலெழும்பித் தெரியும். தோளுயரத்தில் தொடங்குவது ஸ்ட்ரைக் ஸோனுக்குள் (அடிக்கத்தக்க பந்து என நடுவர் கணக்கிடும் பகுதிக்குள்) இறங்கக்கூடும், இடுப்புக்குக் கீழே தொடங்குவது மண்ணைத் தொடும், அதை விட்டுவிடலாம். பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரில் சிவப்புத் தையல்கள் சுழன்று ஒரு சிறு சிவப்புப் புள்ளியாகத் தெரிவதுண்டு. உயரமாக வரும் ஃபாஸ்ட்பால் பின்சுழற்சியால் கண் கணிப்பதைவிடக் குறைவாகவே இறங்குவதால், பலரும் அதன் அடியிலேயே மட்டையை வீசுகிறார்கள். தெரியும் இடத்துக்குச் சற்று மேலே குறிவைக்க வேண்டும்.

மூன்று ஸ்ட்ரைக் ஆனால்தான் பேட்டர் ஆட்டமிழப்பார் என்பதால், இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை தனக்கு வாய்ப்பான இடத்துக்காகக் காத்திருக்கலாம். 1941இல் .406 சராசரி எடுத்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் இப்படிக் காத்திருப்பதையே வலியுறுத்தினார். இரண்டாவது ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பிடியை ஓர் அங்குலம் மேலேற்றிக்கொண்டு, பந்தை இன்னும் சற்று உள்ளே வரவிட்டு அடிக்க வேண்டும்.

பயிற்சிக்கு, பந்து வைக்கும் தாங்கியை உள்விளிம்பில் முன்தள்ளிப் பத்துப் பந்துகளும், வெளிவிளிம்பில் பின்தள்ளிப் பத்துப் பந்துகளும் அடித்துப் பாருங்கள். வெளிவிளிம்புப் பந்து பக்கவாட்டில் வளையாமல் எதிர்த்திசையில் நேராகப் பறந்தால், சந்திக்கும் இடம் சரியாக அமைந்துவிட்டது.