மணிக்கட்டு நோகிறது என்று மவுஸ் வாங்குபவர்கள் விடும் பிழைகள்

கை நோகிறது என்று சொன்னவுடன் எங்கள் வன்னிப் பக்கம் முதலில் கிடைக்கிற ஆலோசனை "நல்ல மவுஸ் ஒன்று வாங்கு" என்பதுதான். வாங்குவதில் பிழையில்லை. ஆனால் மவுஸ் வைக்கிற மேசையைப் பார்க்காமல், நோ எந்த இடத்தில் என்று கவனிக்காமல், படத்தில் வித்தியாசமாக இருக்கிறதே என்று ஓடர் போட்டால் காசும் போய் நோவும் அப்படியே கிடக்கும்.

மேசையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இங்கே பெரும்பாலான நோ அங்கேதான் பிறக்கிறது. கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ விண்ணப்பம் நிரப்பி, பிரதி எடுத்துத் தருகிற ஒரு கொமினிகேஷன் கடைக்குள் போனால் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற பிள்ளையின் வலது கையைப் பாருங்கள். கண்ணாடி போட்ட கவுண்டர், வருகிறவர் நின்றுகொண்டு கதைக்கிற உயரத்துக்கு அடித்தது. அதற்குப் பின்னால் இருப்பதோ சாதாரண பிளாஸ்டிக் கதிரை. முழங்கை கவுண்டருக்குக் கீழே நிற்கும், மணிக்கட்டு கண்ணாடி விளிம்பில் அழுந்தி மேல்நோக்கி மடிந்திருக்கும், விரல்கள் மட்டும் மவுஸை எட்டிப் பிடித்திருக்கும். போதாததற்கு, வந்தவருக்கும் விண்ணப்பம் தெரியட்டும் என்று திரையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருப்பதால் உடம்பும் ஒரு பக்கம் முறுகிப் போயிருக்கும். இந்த இருப்பில் காலையிலிருந்து பின்னேரம் வரை வேலை செய்தால் எந்த விலைக்கு மவுஸ் வாங்கினாலும் கை நோகத்தான் செய்யும்.

முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும், அல்லது ஒரு சொட்டு மேலே. பிளாஸ்டிக் கதிரையை உயர்த்த ஏலாது என்று விடவேண்டாம்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கதிரையை அடுக்கி மேலே தலையணையும் போட்டால் நல்ல உயரம் வரும். கால் தொங்கினால் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள். மவுஸையும் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைத்து, முன்னங்கை மேசையில் தங்குகிற மாதிரிச் செய்யுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஒரு கிழமை இப்படி இருந்து பார்த்துவிட்டுப் பிறகு மவுஸைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, அதற்குப் பிறகும் நோகிறது என்றால் எங்கே நோகிறது? எல்லாவற்றையும் "மணிக்கட்டு நோ" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒவ்வொரு இடத்து நோவுக்கும் வேறு வேறு மருந்து. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, இரவில் எழும்பிக் கையை உதறவேண்டி வந்தால், உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டுக்குள் போகிற நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த ஒடுங்கிய வழியால் ஒரு நரம்பும் ஒன்பது தசைநாண்களும் சேர்ந்து போகின்றன, அதைத்தான் கார்பல் டனல் என்கிறார்கள். சின்னவிரலும் அதற்கு அடுத்த விரலின் பாதியும் விறைத்தால் அது வேறு நரம்பு, பல நேரம் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி வைப்பதால் வருவது. பெருவிரல் அடியில் குத்தினால் பெருவிரலை இழுக்கிற தசைநாணில் கோளாறு, அதற்கு மவுஸோடு போனும் காரணமாக இருக்கலாம்.

இது தெரியாமல் வாங்குவதுதான் பெரிய பிழை. பெருவிரல் நோகிறவர், மணிக்கட்டை அசைக்கத் தேவையில்லை என்று யாரோ சொல்ல, மவுஸை நகர்த்தாமல் அதிலிருக்கிற பந்தைப் பெருவிரலால் உருட்டுகிற ட்ராக்போலை வாங்குவார். நோகிற விரலுக்கே முழு வேலையும் போய்ச் சேரும். ட்ராக்போல்தான் வேண்டுமென்றால், பந்து நடுவில் இருந்து, சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் உருட்டுகிற வகையைப் பாருங்கள்.

இப்போது எல்லோரும் கேட்கிற செங்குத்து மவுஸ். சாதாரண மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை கீழே பார்க்கிறது, அதற்காக முன்னங்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் மேல் குறுக்காகப் புரளுகிறது. செங்குத்து மவுஸில் கை, ஒருவருக்குக் கைகொடுக்க நீட்டுவது போல நிற்கும், அந்தத் திருகல் குறையும். முன்னங்கை இறுக்கமும் முழங்கைப் பக்கத்து நோவும் உள்ள பலருக்கு இது சுகமாக இருக்கிறது. ஆனால் கார்பல் டனலுக்கு இதுவே மருந்து என்று விளம்பரம் சொன்னால் நம்பவேண்டாம். அந்த நோய் உள்ளவர்களிடம் மணிக்கட்டுக்குள் இருக்கிற அழுத்தத்தையே அளந்து பார்த்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், செங்குத்து மவுஸும், மணிக்கட்டுக்கு மேடு வைத்த மவுஸ் பாட் விரிப்பும் மணிக்கட்டின் இருப்பை மாற்றின, அழுத்தத்தைக் குறைக்கவில்லை. விறைப்புக்காக மட்டும் செங்குத்து மவுஸ் வாங்கக் காசு சேர்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டொக்டரைப் பாருங்கள் என்றுதான்.

அளவு பார்க்காமல் வாங்குவது அடுத்தது. வன்னியில் பெட்டியை உடைத்து கையில் தந்து பார்க்கவிடுகிற கடை குறைவு, பெரும்பாலும் யாழ்ப்பாணம் போகிறவரிடமோ கொழும்பிலிருந்து வருகிறவரிடமோ சொல்லிவிடுகிறோம். அதனால் சொல்லிவிட முதல் கையை அளந்துகொள்ளுங்கள்: நடு விரல் நுனியிலிருந்து மணிக்கட்டில் இருக்கிற முதல் ரேகை வரை. லொஜிடெக் நிறுவனம் தன்னுடைய செங்குத்து மவுஸுகளில் லிஃப்ட் மவுஸை 19 சென்ரிமீற்றர் வரையான கைக்கும், எம்எக்ஸ் வேர்ட்டிக்கலை அதைவிடப் பெரிய கைக்கும் என்று பிரித்திருக்கிறது. மற்ற மவுஸுகளுக்கும் இந்தக் கணக்கை ஒரு வழிகாட்டியாக வைக்கலாம். சிறிய கைக்குப் பெரிய செங்குத்து மவுஸ் கிடைத்தால் சுட்டுவிரல் பட்டனுக்கு எட்டாது, மவுஸை இறுக்கிப் பிடிக்க வேண்டி வரும். இன்னொன்று, செங்குத்து மவுஸில் கிளிக் பண்ணும்போது விரல் பக்கவாட்டில் தள்ளுகிறது. மவுஸ் பாரமில்லாமல் இருந்தால் அது நகரும், நகராமலிருக்கப் பெருவிரல் எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுக்கும், பின்னேரமாகும்போது பெருவிரல் அடி நோகத் தொடங்கும். பாரம் குறைந்ததுதான் நல்லது என்று நினைத்து வாங்குபவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஜெல் மேடு வைத்த பாட் வாங்கி அதில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்வதும் கூடாது. நரம்பு போகிற இடமே அதுதான், அதை ஏன் அமத்துவான்? மேட்டில் உள்ளங்கையின் அடிப்பகுதி இருக்கலாம், அதுவும் ஓய்வாக இருக்கும்போது. மேடில்லாத அகலமான துணிப் பாட் போதும். கண்ணாடிக் கவுண்டரில் ஒளி மவுஸ் ஒழுங்காக ஓடாது, அம்பு துள்ளத் துள்ளக் கை தன்னாலேயே இறுகும், அங்கே பாட் கட்டாயம்.

விண்டோஸ் செட்டிங்ஸில் அம்பின் வேகத்தைப் பலர் தொட்டதே கிடையாது. மிக மெதுவாக இருந்தால் மணிக்கட்டால் திரும்பத் திரும்பத் தள்ளவேண்டும், மிக வேகமென்றால் சின்னக் கட்டத்தில் நிறுத்த மவுஸை நெரிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் வைத்து, முழங்கையிலிருந்து கையை அசைத்துப் பழகுங்கள். பழைய டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் புளூடூத் மட்டும் உள்ள மவுஸை வாங்கிவிடாதீர்கள், பலவற்றில் புளூடூத் இருக்காது.

கீபோர்டையும் பாருங்கள். வலது பக்கத்து எண் பட்டன்கள் மவுஸை உடம்பை விட்டுத் தூரத் தள்ளுகின்றன, கை வெளியே நீண்டு தோளும் பிடிக்கிறது. பாமினி எழுத்துருவிலோ யூனிகோடிலோ தமிழ் அடிப்பதே வேலை என்றால் எண் பட்டன் இல்லாத சின்னக் கீபோர்ட் போதும், புது மவுஸைவிட அது அதிகம் உதவலாம்.

இதையெல்லாம் செய்தும், காலையில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியில் மோட்டார்சைக்கிளில் எக்ஸிலேற்றரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, பின்னேரம் வீட்டில் மண்வெட்டி பிடிக்கிற கைக்கு ஓய்வு எங்கே? கந்தோரால் வந்து தேங்காய் திருவி, உடுப்புப் பிழிகிற பெண்களுக்கும் இதேதான். காலபோக நெற்செய்கை தொடங்குகிற நாட்களில் நோ கூடினால் அதற்கு மவுஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நோ கூடிய நாட்களில் உடுப்புப் பிழிவதையாவது வீட்டில் வேறொருவர் செய்யட்டும்.

பகலிலும் விறைப்பு விடாமல் இருந்தால், கையில் இருக்கிற சாமான் நழுவி விழுந்தால், பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மற்றக் கையைவிட வற்றித் தெரிந்தால் இனி மவுஸ் பார்த்துக்கொண்டிருக்கிற நேரமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, காசும் கேட்கமாட்டார்கள். சீனி வருத்தம், தைரொயிட், கர்ப்பம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இவற்றோடு கார்பல் டனல் வருவது அதிகம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டியே சிலருக்குப் பெரிய ஆறுதல் தரும்.

கடைசியாக, யுத்தத்தில் ஒரு கையை இழந்தவர்களும், ஷெல் துண்டோடு ஒரு கை சரியாக இயங்காதவர்களும் இங்கே கணினி வேலை செய்கிறார்கள். மிச்சக் கைதான் கீபோர்டுக்கும் மவுஸுக்கும், அந்தக் கை நோக விடக்கூடாது. இடது கையால் வேலை செய்கிறவருக்கு வலது கை வடிவத்தில் வந்த செங்குத்து மவுஸை "பழகினால் சரி" என்று வாங்கிக் கொடுக்காதீர்கள், அது பழகாது. லிஃப்ட் மவுஸில் இடது கைக்கென்றே ஒன்று இருக்கிறது. கென்சிங்டன் எக்ஸ்பேர்ட் போல இரண்டு பக்கமும் ஒரே வடிவான ட்ராக்போல் இன்னும் நல்லது, இருந்த இடத்தில் இருக்கும், கீபோர்டுக்கு ஒட்டியே வைக்கலாம். அதற்கு வசதியில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான சாதாரண மவுஸை எடுத்து, விண்டோஸ் செட்டிங்ஸில் முதன்மைப் பட்டனை வலதுக்கு மாற்றிவிடுங்கள்.