கடலில்லாக் கொங்கில் பிளென்னி வளர்ப்பு: முதல் தொட்டிக்கான செய்முறை

பிளென்னி என்ற சிறு கடல்மீனுக்கு நீந்துவதைவிட உட்கார்ந்திருப்பதில்தான் விருப்பம். பெரும்பாலான பிளென்னிகளுக்கு, மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது. கல்லுக்குக் கல் தாவி, பொந்துக்குள் பின்பக்கமாக நுழைந்து, முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு கண்களைத் தனித்தனியே உருட்டும். புதியவர்கள் ‘டெயில்ஸ்பாட்’ வகையை வாங்குங்கள். 6 செ.மீ. அளவே வளரும், 80 லிட்டர் தொட்டி தாராளம். ‘லான்மோவர்’ வகை 14 செ.மீ. வரை வளரும், பாசி பிடிக்காத புதுத் தொட்டியில் பட்டினி கிடக்கும்.

படி 1: கடல்நீர் கலக்குதல்

சிறுவாணித் தண்ணீர் நம் நாக்குக்கு அமிர்தம்தான், தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் எதுவும் ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீர் இன்னும் மோசம். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை போட்டு, வாளியில் சிறிய பம்ப் வைத்து ஒரு நாள் சுழல விடுங்கள். உப்பின் அளவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி, ஒப்படர்த்தி 1.025 என்று காட்ட வேண்டும். சமையல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் தேவையான அளவு கிடையாது. அந்தச் சிக்கனம் வேண்டாம்.

படி 2: கல்லும் காத்திருப்பும்

பொந்துகள் நிறைந்த செயற்கைப் பாறை வையுங்கள். ராமேஸ்வரம் போனால் பவளக்கல் பொறுக்கி வராதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தைக் காக்கிறது. பிறகு, மீனில்லாத தொட்டியில் சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுக விடுங்கள். மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து இன்னொரு நஞ்சான நைட்ரைட். இரண்டும் பூஜ்யமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். நாளைக்கே மீன் விடலாம் என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 3: காற்றும் வெயிலும்

நம் ஊரில் தொட்டி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும்போது நீர் மட்டம் கண்ணெதிரே இறங்கும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து, தினமும் காலையில் வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் அதுவரை நிரப்புங்கள். உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஈரோடு, கரூர் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தொடும். தொட்டிக்கு வேண்டியதோ 24 முதல் 27. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆவியாதல் அதற்கேற்பக் கூடும். கண்ணாடி மூடிக்குப் பதில் வலை போடுங்கள்: வெப்பம் வெளியேறும், துள்ளும் பிளென்னியும் தரையில் விழாது. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

படி 4: மீனை விடுதல்

பையை இருபது நிமிடம் மிதக்க விட்டு, மெல்லிய குழாயால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து, மீனை மட்டும் விடுங்கள். அன்று விளக்கு வேண்டாம்.

ஸ்பைருலினா என்ற நுண்பாசிக் குருணையும், உப்பு சேர்க்காத நோரித் தாளும் (உலர்ந்த கடற்பாசி) தினமும் கொடுங்கள். வயிறு ஒட்டியிருந்தால் தீனி போதவில்லை. இரண்டாவது பிளென்னி வேண்டாம், பொந்துக்கு அடித்துக்கொள்ளும்; துணைக்குக் கோமாளி மீன் விடலாம்.